அமெரிக்காவில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறோம். விவசாயத்துக்கும் மண் பாதுகாப்புக்கும் எங்கள் கவுண்டியில் அரசு உதவி கிடைக்குமா, எங்கே கேட்பது?

கிடைக்கும். வட கரோலினாவில் ஏழு ஏக்கரில் காய்கறி போடுகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திட்டங்களின் பெயர்களைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். எல்லாம் சுருக்கெழுத்து, படிக்கப் படிக்கத் தலை சுற்றும். உங்கள் கவுண்டிக்கான யு.எஸ்.டி.ஏ. (மத்திய வேளாண் துறை) சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து நேரம் வாங்குங்கள். ஃபார்மர்ஸ் டாட் கவ் தளத்தில் கவுண்டியைத் தேர்ந்தெடுத்தால் எண் வந்துவிடும். சில கவுண்டிகளுக்கு அலுவலகம் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும்.

பெரும்பாலும் அங்கே இரண்டு துறைகள் சேர்ந்தே இருக்கும். முதலில், பண்ணைப் பதிவையும் கடனையும் பார்க்கும் எஃப்.எஸ்.ஏ. மேசைக்குப் போய் ஃபார்ம் நம்பர், அதாவது உங்கள் நிலத்துக்கான பதிவு எண், வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த வேலை நகராது. நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், நிலம் கம்பெனி பெயரில் இருந்தால் அதன் காகிதங்கள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். வானிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, உங்கள் நிலத்தின் எல்லையைக் கோடு போட்டு, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடன் தேவை என்றாலும் இதே மேசைதான். சிறு விவசாயிகளுக்கான மைக்ரோலோன் 50,000 டாலர் வரை உண்டு.

அப்புறம் மண், நீர் பாதுகாப்பைப் பார்க்கும் என்.ஆர்.சி.எஸ். இங்கே “என்ன மானியம் இருக்கிறது?” என்று ஆரம்பிக்காமல், நிலத்தில் உள்ள பிரச்சினையைச் சொல்லுங்கள். “மழை பெய்தால் இந்தச் சரிவில் மண் அடித்துக்கொண்டு போகிறது” என்றால் அவர்களுக்கு உடனே புரியும். நிலத்துக்கே வந்து பார்ப்பார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. எங்கள் வயலுக்கு வந்தவர் மண்வெட்டியால் ஒரு கட்டியை வெட்டி எடுத்து உடைத்துக் காட்டினார்: மேலே கொஞ்சம் நல்ல மண், கீழே இறுகிப்போன செம்மண், அதைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பிய வேர்கள். நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிர் போடச் சொன்னார், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் புல் வளர்க்கச் சொன்னார். பணமே வேண்டாம் என்றாலும் இந்த ஆலோசனையைக் கேட்டுப் பெறலாம். எனக்கு மானியத்தைவிட இதுதான் பெரிதாகப் பட்டது.

பண உதவிக்கு அதிகம் பயன்படுவது ஈக்விப் என்னும் என்.ஆர்.சி.எஸ். திட்டம். மூடுபயிர், சொட்டுநீர், வேலி, ஹை டன்னல் என்னும் பிளாஸ்டிக் கூடாரம் எல்லாம் இதில் வரும். செலவு முழுவதையும் தர மாட்டார்கள். பொதுவாக 75 சதவீதம் வரை. விவசாயம் தொடங்கி 10 ஆண்டு தாண்டாதவர்களுக்கு 90 வரை போகும், முன்பணமும் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும் முன் வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். தொடங்கிவிட்டால் அந்த வேலைக்குப் பணம் வராது. விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குவார்கள், ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு கடைசித் தேதி வைத்து, அதற்குள் வந்தவற்றை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். கேட்ட எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனால் அந்தத் தேதியை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது, கவுண்டி அளவிலான மண், நீர் பாதுகாப்பு மாவட்ட அலுவலகத்தை. 1930களில் புழுதிப் புயல்கள் அள்ளிக்கொண்டு போன மண்ணைப் பார்த்துப் பதறித்தான் 1935-இல் மண் பாதுகாப்புத் துறை உருவானது, இன்றைய என்.ஆர்.சி.எஸ். அதன் தொடர்ச்சி. அதன் முதல் தலைவர் ஹியூ பென்னட் எங்கள் மாநிலத்து ஆன்சன் கவுண்டிக்காரர். நாட்டின் முதல் பாதுகாப்பு மாவட்டமும் 1937-இல் அங்கேதான் அமைந்தது. வட கரோலினாவில் இந்த அலுவலகங்கள் வழியாக செலவில் ஒரு பங்கை மாநில அரசு தரும் திட்டமும் நடக்கிறது. மத்திய அரசுத் திட்டத்தில் இடம் கிடைக்காவிட்டால் இங்கே கேட்டுப் பாருங்கள்.

மண் பரிசோதனைக்கான பெட்டிகள் கவுண்டி எக்ஸ்டென்ஷன் (விவசாய விரிவாக்க) அலுவலகத்தில் கிடைக்கும். இங்கே ஏப்ரல் முதல் நவம்பர் வரை பரிசோதனை இலவசம், குளிர்காலத்தில் 4 டாலர்.

சொத்து வரிச் சலுகைக்கு மேலே சொன்ன யாரிடமும் போக வேண்டாம். அது கவுண்டி வரி அலுவலகத்தின் வேலை. வட கரோலினாவில் காய்கறி, பழம் என்றால் குறைந்தது 5 ஏக்கரும், தானியம் போன்ற பயிர் என்றால் 10 ஏக்கரும் சாகுபடியில் இருக்க வேண்டும். விற்பனை வருமானத்துக்கும் கணக்குக் கேட்பார்கள், ரசீதுகளை முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள்.