கரண்ட் பில் சேர்ந்த வாடகையும் மாமா கேட்கும் மொத்தப் பணமும்

கேள்வி: மடிப்பாக்கத்தில் தாய்மாமா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கரண்ட், தண்ணீர், நெட் எல்லாம் சேர்த்து வாடகை 21,000. அடுத்த ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கொடுத்தால் மாதம் 1,000 குறைப்பதாக மாமா சொல்கிறார். ஒரு ஆப்பில் 16 சதவீத வட்டிக்குக் கடன் தயாராக இருக்கிறது. போன வருடம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அவருக்குக் கடன் வாங்கிக் கொடுத்த ஒரு லட்சத்துக்கு மாதம் 4,900 இன்னும் கட்டி வருகிறேன். கீழ் போர்ஷன் 16,000-க்குப் போயிருக்கிறது, அதற்குக் கரண்ட் தனி. மே மாதம் வந்தால் மாமி 'ஏசியைக் கொஞ்சம் பார்த்துப் போடுப்பா' என்கிறார். மிச்சமாகும் 1,000-ஐ எந்த மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) போடலாம்?

பதில்: எஸ்ஐபி பேச்சை இப்போதைக்கு விடுங்கள். அந்த ஆயிரம் மிச்சமே ஆகாது.

12 மாதம், 20,000 வீதம் 2,40,000. 16 சதவீதத்தில் ஒரு வருடக் கடன் என்றால் இஎம்ஐ, அதாவது மாதத் தவணை, சுமார் 21,775. இப்போது கொடுக்கும் வாடகையைவிட மாதம் 775 அதிகம்! பிராசசிங் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு இன்னொரு 5,660. ஆக, தள்ளுபடி போகவும் கையிலிருந்து 15,000 போகிறது. நடுவில் வேலை பெங்களூருக்கு மாறினால் மீதி வாடகையை மாமாவிடம் எப்படித் திருப்பிக் கேட்பீர்கள்?

உங்கள் உண்மையான பிரச்சினை வாடகை இல்லை. மாமாவுக்குப் பணம் தேவைப்படும்போதெல்லாம் நீங்கள் கடன் வாங்குகிறீர்கள். போன வருடம் பெயின்ட், இந்த வருடம் 'அட்வான்ஸ் வாடகை'. வட்டி மட்டும் உங்கள் தலையில். 'உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட கடன்' என்று ஆப் காட்டுவதைச் சலுகை என்று நினைக்காதீர்கள், அது கடையின் விளம்பரப் பலகை.

எல்லாம் சேர்த்த வாடகை மலிவும் இல்லை. கீழ் வீட்டு 16,000-த்தோடு கரண்ட் 850, நெட் 700, தண்ணீர், பராமரிப்பு 1,000 சேருங்கள்: 18,550. நீங்கள் ஏறக்குறைய 2,500 கூடக் கொடுக்கிறீர்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டாதவரை பில் 2,000-க்குள் முடியும். அதற்கு மேல் போனால்தான் எகிறும். மாடிக்குத் தனி மீட்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இலவச யூனிட்டின் பலன் மாமாவுக்குப் போகிறது. இல்லாவிட்டால் உங்கள் ஏசியும் மாமா வீட்டு ஏசியும் ஒரே மீட்டரில் ஏறுகிறது, மாமியின் கவலை நியாயம்தான்.

மாமாவிடம் நேராகச் சொல்லுங்கள்: "மாமா, மொத்தமா கையில இல்ல. மாசம் ஒண்ணாம் தேதி அக்கவுண்ட்ல போட்டுடறேன். கரண்டை மீட்டர்படி தனியா கட்டிக்கிறேன், வாடகையைக் கீழ் வீட்டு அளவுக்கு வச்சுக்கலாமா?" சம்மதித்தால் ஒப்பந்தம் எழுதி வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள், சொந்தம் என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் சென்னையின் பழைய பழக்கம்.

அப்புறம், மிச்சமாகும் 2,500-ஐப் பழைய கடனில் போடுங்கள். முன்கூட்டி அடைக்க என்ன கட்டணம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது முடியட்டும், பிறகு ஃபண்ட் பற்றி எழுதுங்கள்.