ஐஸ் ஹாக்கியில் 'அசிஸ்ட்' என்றால் என்ன? வெய்ன் கிரெட்ஸ்கியின் பெயரோடு அது ஏன் ஒட்டிக்கொண்டது?

கோல் விழுவதற்குச் சற்று முன் வட்டை (பந்துக்குப் பதிலாக இங்கே ரப்பர் வட்டு) தள்ளிக் கொடுத்தவருக்குக் கிடைக்கும் மதிப்பே அசிஸ்ட். ஒரு கோலுக்கு அதிகபட்சம் இருவருக்குத் தருவார்கள். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி, கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி.

1961இல் கனடாவின் பிரான்ட்ஃபோர்டில் பிறந்த கிரெட்ஸ்கி, தந்தை வால்டர் வீட்டுக் கொல்லையில் உறைய வைத்த பனித்தளத்தில் பழகியவர். பலசாலியும் அல்லர், மின்னல் வேகக்காரரும் அல்லர். வட்டு அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் அவர் பலம். கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். வலையே அவருக்குக் கேடயம்; கோல்கீப்பரோ கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தடுப்பாளர் துரத்தி வந்தால் வலைக்கு முன் இடம் காலியாகும். உடனே வட்டு அங்கே நிற்கும் தோழரிடம் போய்விடும். கல்யாணப் பந்தியில் எந்த இலையில் சோறு தீரப்போகிறது என்று பார்த்து, கேட்கும் முன்பே ஆளை அனுப்புவாரே ஒரு பெரியவர், அந்த வேலை!

எட்மன்டன் ஆயிலர்ஸ் என்ற கனடிய அணிக்கு அவர் ஆடியபோது நான்கு ஸ்டான்லி கோப்பைகள் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் முதன்மைக் கோப்பை). 1988இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது கனடாவே கொதித்தது. 1999இல் ஓய்வுபெற்றபோது கணக்கு: 894 கோல்கள், 1,963 அசிஸ்ட்கள்.

2025இல் ரஷ்ய வீரர் ஓவெச்கின் கிரெட்ஸ்கியின் சாதனையை முறியடித்துவிட்டார் என்பார்கள். முறிந்தது கோல் சாதனை மட்டுமே; அசிஸ்ட், மொத்தப் புள்ளிச் சாதனைகள் இன்னும் கிரெட்ஸ்கியிடமே இருக்கின்றன.