தாத்தாவின் பெட்டியிலிருந்த அஞ்சல் கடிதங்கள்

தக்கலை வீட்டுப் பரணில் கிடைத்த கடிதங்களை லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணே. அந்தச் சூட்டில் மையும் தாளும் கெடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் ஆகாது.

உறையில் சங்கு முத்திரை இருந்தால் அது திருவிதாங்கூர் சமஸ்தானம் தனியாக நடத்திய தபாலான ‘அஞ்சல்’. 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது. ஆகவே உறையைத் தூக்கி எறியாதீர்கள். தேதி 1120 என்றிருந்தால் பதறாதீர்கள், அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. ஆங்கில ஆண்டு வர, ஆவணி முதல் டிசம்பர் வரை 824, அதன்பின் 825 கூட்டுங்கள்: 1120 என்றால் 1944-45.

ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிய்க்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் நிழல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்துவிடுங்கள். படத்தில் இருப்பது யாரென்று ஆச்சியிடம் இந்த வாரமே கேளுங்கள். பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதினால் போதும். கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட்டையும் வையுங்கள்.