காசுப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மம்மாவின் தகரப் பெட்டியில் 11 செப்புக் காசுகள் கிடந்தன. ஒரு பக்கம் எல்லாவற்றிலும் ஒரே முத்திரை, மறுபக்கத்துச் சிங்கம் மட்டும் வேறு வேறு. ஏன்? (வாசகி, முள்ளியவளை)

பதில்: இவை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் (VOC) துட்டுகள். ‘துட்டு’ என்ற நம் சொல்லே அவர்களுடைய ‘டொய்ட்’டிலிருந்து வந்ததுதான். அந்த ஒரே முத்திரை கொம்பனியின் சின்னம்: பெரிய வீ எழுத்தின் ஒரு கையில் ஓவும் மறுகையில் சீயும் கோத்திருக்கும், கீழே ஆண்டு இருக்கும். அக்காலத்து ஒல்லாந்தில் நாடு முழுமைக்கும் ஒரே நாணயசாலை இல்லை. மாகாணங்கள் தத்தம் சாலையில் கொம்பனிக்கு அடித்துக் கொடுத்தன. அதனால் மறுபக்கத்தில் அந்தந்த மாகாணத்தின் கேடயம்.

கேடயத்துள் தனிச் சிங்கம் எழுந்து நின்றால் ஹொலண்ட் மாகாணம். அலைக்குள்ளிருந்து பாதி உடல் மேலே வந்தால் சீலாந்து. இரு சிங்கங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தால் மேற்கு ஃபிரீஸ்லாந்து, முகத்துக்கு முகம் நின்றால் கெல்டர்லாந்து. கேடயத்தை வெளியிலிருந்து இரு சிங்கங்கள் தாங்கிப் பிடித்தால் உட்ரெக்ட். நல்ல துட்டு ஏறத்தாழ 3 கிராம், குறுக்களவு 21 முதல் 22 மி.மீ. சமையல் தராசு இதற்கு உதவாது, நகைக்கடைத் தராசில் நிறுங்கள்.

கட்டையாக, ஓரம் ஒழுங்கில்லாமல் ஒன்று இருந்தால் அதைத் தனியே வையுங்கள். அது ஒல்லாந்தர் இலங்கையிலேயே அடித்த ஸ்டைவர் என்ற காசாக இருக்கலாம். முத்திரைக்கு மேலே சீ இருந்தால் கொழும்பு, ஜீ காலி, டீ (T) திருகோணமலை, ஐ (I) யாழ்ப்பாணம். என்னைக் கேட்டால், வன்னிச் சேகரிப்புக்கு அந்த ‘ஐ’ ஒன்றே பத்துத் துட்டுக்குச் சமம்.

கேள்வி: பச்சை பிடித்த காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகர், மாங்குளம்)

பதில்: குத்துவிளக்குக்குப் புளி, காசுக்கு வேண்டாம். புளியின் அமிலம் செம்பின் மேற்றோலைக் கரைத்துவிடும். பளிச்சென்ற இளஞ்சிவப்பில் வரும் காசை எந்தச் சேகரிப்பாளரும் பாதி விலைக்குக்கூடக் கேட்கமாட்டார். எழுத்தின் விளிம்பும் தேயும்.

காய்ச்சி வடித்த நீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை மூழ்கவிடுங்கள். மோட்டார்க் கடையில் வாங்கினால் போத்தலைப் பார்த்து வாங்குங்கள், பக்கத்திலேயே பற்றரி அசிட்டும் இருக்கும். தினமும் நீரை மாற்றி ஒரு வாரம் வையுங்கள். மண் இளகியதும் மூங்கில் பற்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். உலோக ஊசி கோடு போட்டுவிடும். துணியில் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள்.

கடும்பச்சை கெட்டியாக ஒட்டியிருந்தால் அது கவசம், விட்டுவிடுங்கள். வெளிர்பச்சைத் தூள் நகத்தால் உதிர்ந்தால் உப்பு உள்ளே போய்விட்டது, காசு அரித்துக்கொண்டே போகும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இது சகஜம். அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய போத்தலில் தனியே வையுங்கள். மாரியில் ஜெல்லை மாற்றுங்கள். மெதுமையான பீ.வீ.சீ. உறைகளும் நாளடைவில் பச்சைப் பிசினை உண்டாக்கும், மைலர் (பொலியெஸ்டர்) உறையே நல்லது.

கேள்வி: மெட்டல் டிடெக்டர் வாங்கிப் பழைய காணிகளில் தேடலாமா? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: வேண்டாம். 1815 மார்ச் 2க்கு முந்திய காசு 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துக்குள் வரும், அனுமதியின்றித் தோண்டினால் வழக்கு. அதைவிட, டிடெக்டர் கீச்சென்றால் கீழே காசா மிதிவெடியா என்று அது சொல்லாது.