முகத்துக்குக் கேட்டால் காலுக்கு வரும் காற்று

காருக்குள் காற்று திசை மாறிப் போவது பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும் இங்கே. கடலோரத்தில் ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம். ஏசிக் குளிரானாலும் ஹீட்டர் சூடானாலும், காற்றை முகம், கால், முன் கண்ணாடி என்று பிரித்து அனுப்புவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் அதே சின்னக் கதவுகள், அதாவது ஃபிளாப்கள்தான்.

கொடைக்கானல் போயிருந்தோம். ஹீட்டரைக் காலுக்கு வைத்தால் காற்று முழுக்க முன் கண்ணாடிக்கே போனது. திசை மாற்றும் நாப் லூசாகச் சுற்றுகிறது. டாஷ்போர்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். (மண்டபம்)

இறக்க விடாதீர்கள், இப்போதைக்கு. நாப் லூசாகச் சுற்றினால் பெரும்பாலும் நாபையும் ஃபிளாப்பையும் இணைக்கும் கேபிள்தான் கழன்றிருக்கும். டார்ச்சை எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். காற்றுப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் நெம்புகோலும், அதில் கொக்கி போல மாட்டிய மெல்லிய கம்பியும் தெரியும். வேறொருவரை நாபைத் திருப்பச் சொல்லுங்கள். கம்பி அசைந்து நெம்புகோல் அசையாவிட்டால் கொக்கி நழுவியிருக்கிறது. கேபிளின் மேலுறையே முன்னும் பின்னும் ஓடினால் அதைப் பிடிக்கும் கிளிப் போய்விட்டது. எதுவுமே அசையவில்லையா? கோளாறு நாபுக்குப் பின்னால்.

கிளிப் உடைந்திருந்தால் கேபிள் டை போட்டு இறுக்கியே கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் முதலில் நெம்புகோலை விரலால் நகர்த்திப் பாருங்கள். உப்புக்காற்றில் உள்கம்பி துருவேறி இறுகும். அதை அழுத்தித் திருப்பித்தான் பலர் கிளிப்பை உடைக்கிறார்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் நெம்புகோல் நகராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். ஃபிளாப்பின் தண்டு ஒடிந்தால் அப்புறம் மெக்கானிக் சொன்னதுதான் நடக்கும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அந்தப் பக்கமே கை போகக் கூடாது.

ஆட்டோமேட்டிக் ஏசி. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் டிக் டிக் என்று சத்தம். எந்த பட்டனை அமுக்கினாலும் காற்று காலுக்குத்தான். (ராமநாதபுரம்)

இதில் கேபிள் கிடையாது, ஃபிளாப்பைத் திருப்புவது குட்டி மோட்டார். அதன் பிளாஸ்டிக் கியரில் பல் உடைந்தால் இப்படித்தான் சத்தம் வரும். திசை, சூடு, வெளிக்காற்று என்று தனித்தனி மோட்டார் இருப்பதால், ஒவ்வொரு பட்டனாக அமுக்கி எதற்குச் சத்தம் வருகிறது என்று கேட்டுவிட்டு அந்த மோட்டாரை வாங்குங்கள். சத்தமே இல்லாமல் மோட்டார் செத்துக் கிடந்தால் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். நம் பக்கத்தில் பின்களில் பச்சை பூத்திருப்பது சகஜம், சுத்தம் செய்தாலே போதும். புது மோட்டார் மாட்டியதும் ஃபிளாப் எதுவரை திரும்பும் என்ற எல்லையை அதற்குக் காட்ட வேண்டும். சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்.

துபாயில் பழைய அமெரிக்க வண்டி வைத்திருக்கிறேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முகத்துக்கு வரும் காற்று கண்ணாடிக்கு ஓடிவிடுகிறது. காலை எடுத்தால் திரும்பி வருகிறது. (கீழக்கரைக்காரர்)

வேக்குவம் கசிவு. அந்த வண்டிகளில் எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் இழுவிசை, அதாவது வேக்குவம்தான் ஃபிளாப்பை இழுக்கிறது. அழுத்தி ஓட்டும்போது வேக்குவம் குறையும். அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான் ஒரு சேமிப்புக் குடுவையும் ஒருவழி வால்வும் இருக்கின்றன. வேக்குவம் இல்லாதபோது காற்று கண்ணாடிக்குப் போவது கோளாறு அல்ல, பனி மூடி ரோடு மறையக் கூடாதென்று அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் குழாயை முனை முனையாகத் தடவிப் பாருங்கள், சூட்டில் விரிசல் விட்டிருக்கும். அது நன்றாக இருந்தால் வால்வு.

விடிகாலையில் பாம்பன் பாலம் ஏறும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்குகிறது. ஹீட்டர் ரிப்பேரா? (ராமேஸ்வரம்)

இல்லை. ஏசிக் குளிர் கண்ணாடியில் படுகிறது, வெளியே கடல் ஈரம். வைப்பரைப் போட்டுவிட்டுக் காற்றை முகத்துக்குத் திருப்புங்கள். திருப்பியும் கண்ணாடிக்கே போனால் முதல் பதிலைப் படியுங்கள்.

எல்லா வென்ட்டிலும் காற்று குறைவு. (தொண்டி)

திசைக் கோளாறு அல்ல. வண்டியைச் சீமைக்கருவேல நிழலில் நிறுத்துகிறீர்களா? அந்தப் பொடி இலை கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சல்லடை வழியாக இறங்கி கேபின் ஃபில்டரை அடைத்துவிடும். க்ளோவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை மாற்றுங்கள்.