இந்த வருஷம் படிச்ச ரெண்டு நாவல், ரெண்டு அப்பா

சமீபத்துல படிச்ச நாவல்கள்ல மனசை விட்டுப் போகாதது எதுன்னு கேட்டிருக்கீங்க. யோசிக்கவே வேண்டாம், இமையத்தோட 'செல்லாத பணம்'. 2018ல க்ரியா போட்ட புத்தகம், 2020க்கான சாகித்ய அகாடமி விருது கிடைச்சது. வாங்கி ரெண்டு வருஷமா அலமாரியில கிடந்துச்சு, போன மாசம்தான் எடுத்தேன், எடுத்துட்டு மூணு நாள் வேற எதுலயும் மனசு போகல.

கதைன்னு பாத்தா சின்னதுதான். நடேசன் ஒரு ஹெட்மாஸ்டர். பொண்ணு ரேவதி இன்ஜினியரிங் படிச்சவ, பர்மாலேர்ந்து அகதியா வந்த குடும்பத்துப் பையன் ரவி, ஆட்டோ ஓட்டுறவன், அவனைத்தான் கட்டுவேன்னு நின்னு கட்டிக்கிறா. அப்பா பேச்சை விட்டுடுறார். அப்புறம் ஒரு நாள் உடம்பெல்லாம் தீக்காயத்தோட பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கொண்டு வர்றாங்க. அவளா கொளுத்திக்கிட்டாளா அவன் கொளுத்துனானா, நாவல் தீர்ப்பு சொல்லல. அதுக்கப்புறம் பெரும்பாலும் அந்த வார்டு வாசல்தான்.

எங்க பெரியம்மா ஐசியூல இருந்தப்ப நானும் அண்ணனும் பதினோரு நாள் மாறி மாறி அப்படி ஒரு வாசல்ல கிடந்தோம். ஒரு ஒயர் கூடை, அதுக்குள்ள ஃபிளாஸ்க், போர்வை, ஸ்கேன் கவர். நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பேரைச் சொன்னா அந்த பேருக்கு சம்பந்தமே இல்லாதவங்களும் பதறி எந்திரிச்சு நிப்பாங்க. பக்கத்துல பாய் போட்டிருந்த அம்மா பேரு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது, ஆனா அவங்க மருமகனுக்கு எவ்வளவு கடன்னு தெரியும். இமையம் இதை அப்படியே எழுதியிருக்கார், முகம் தெரியாதவங்க ஒருத்தருக்கொருத்தர் வீட்டுக் கதையைக் கொட்டிக்கிறது. ரேவதியோட அம்மா அமராவதி புலம்பல் ரொம்ப நீளம்னு சில பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்கமாட்டேன், ஒப்பாரின்னா சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லும்.

என்னை உலுக்குனது நடேசன்தான். எத்தனை லட்சம் ஆனாலும் செலவு பண்ண ரெடியா நிக்கிறார், வாங்கிக்கத்தான் ஆள் இல்ல. பொண்ணு நல்லா இருந்த காலத்துல அவகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேன்னு படிக்கிற நமக்கு நெஞ்சை அடைக்குது.

அந்த பாரத்தோட அடுத்து எடுத்தது பூமணியோட 'வெக்கை', 1982ல வந்தது. 'அசுரன்' படத்துக்கு மூலம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா படத்தை மனசுல வச்சுக்கிட்டு படிச்சா ஏமாந்துடுவீங்க. சிதம்பரத்துக்கு பதினஞ்சு வயசு, அண்ணனைக் கொன்ன வடக்கூரானோட கையை மட்டும் வெட்டணும்னுதான் போறான், ஆள் செத்துடுறான். அது ஆரம்பத்துலயே முடிஞ்சிடும். மிச்சம் எட்டு நாள் அப்பனும் மகனும் காட்டுல ஒளிஞ்சு திரியறது, சோறு பொங்கறது, பேசிக்கிட்டே நடக்கறது. எந்த சாதின்னு ஒரு இடத்துலயும் சொல்லல, கரிசக்காட்டுப் பேச்சுலயே எல்லாம் வந்துடுது. கொலை பண்ணிட்டு வந்த பையனை அந்த அய்யா திட்டி ஒதுக்காம கூடவே கூட்டிட்டு நடக்கிறார் பாருங்க, நடேசனைப் படிச்ச கையோட இதைப் படிச்சதால எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

எங்கப்பாவுக்கு போன் போட்டா "சாப்ட்டியா" தாண்டி பேச்சு போகாது. 'வெக்கை' முடிச்ச அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி கால் மணி நேரம் பேசினேன், கிணத்து மோட்டார்ல காயில் போனதைப் பத்திதான், ஆனா பேசினோம்.

அடுத்து இமையத்தோட முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' எடுத்து வச்சிருக்கேன், 1994ல வந்தது. நீங்க புதுசா ஆரம்பிக்கிறதா இருந்தா 'வெக்கை'லேர்ந்து ஆரம்பிங்க, சின்ன புத்தகம். 'செல்லாத பணம்' வீட்ல யாராவது ஆஸ்பத்திரில இருக்கிற நேரத்துல மட்டும் எடுக்காதீங்க, தாங்காது.