மாப்பிள்ளை வாங்கப்போகும் கிடார்

கேள்வி: டல்லாஸில் இருக்கும் என் மாப்பிள்ளை, பெடல் ஸ்டீல் கிடார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சில ஆயிரம் டாலரை எடுத்து வைத்திருக்கிறார். அவருடைய ஆபீஸ் நண்பர்களோ, "அது கிழவர்கள் வாசிப்பது, கூடிய சீக்கிரம் மியூசியத்துக்குப் போய்விடும்" என்கிறார்களாம். சாகப்போகிற வாத்தியத்துக்கு இவ்வளவு செலவா?
— வாசகர், திருச்சி

பதில்: மாப்பிள்ளையின் செலவைப் பற்றி மாமனார் பத்திரிகைக்கு எழுதிக் கேட்பது எனக்குப் புதிது. சரி, கேட்டுவிட்டீர்கள்.

அந்த நண்பர்கள் காரில் ரேடியோ கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். ஒரு காலத்தில், அமெரிக்கக் கிராமத்துப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில்லில் பதிவான பாட்டு என்றாலே பெடல் ஸ்டீலின் அந்த இழுப்புதான் காதில் விழும். பிறகு கன்ட்ரி இசை பாப் பக்கம் சாய்ந்தது. 2010களில் கம்ப்யூட்டர் தாளமும் சேர்ந்துகொள்ள, ஸ்டீல் பல பாட்டுகளில் காணாமல் போனது, மற்றவற்றில் பின்னால் எங்கோ முனகியது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் சினிமாவில் சான்ஸ் குறைந்ததால் நாதஸ்வரம் செத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், முகூர்த்த நாளில் ஒரு கல்யாண மண்டபப் பக்கம் போய்வா என்றுதானே சொல்வீர்கள்?

மாப்பிள்ளை எதில் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேர்தான் கிடார், தோளில் மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. நாலு காலில் நிற்கும் குறுகலான மேஜை, மேலே பத்துக் கம்பி. நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை வைத்துத் தேய்ப்பதுபோல, இடது கையில் ஒரு எஃகு உருளை கம்பிமேல் வழுக்கி ஓடும். இதுவரை பழைய ஹவாய் கிடாரும் இதேதான். அதில் ஒரு சங்கடம்: உருளையை நகர்த்தினால் எல்லாக் கம்பியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். பெடல் அதை மாற்றியது. உருளை நின்ற இடத்தில் நிற்கிறது. இரண்டு கம்பியை மீட்டிவிட்டு, ஒலி அடங்குவதற்குள் இடது காலால் பெடலை மெல்ல அமுக்குகிறீர்கள். ஒரு கம்பி அசையாமல் ஒலிக்க, மற்றது மட்டும் இரண்டு ஸ்வரஸ்தானம் மேலேறிப் போய் அதோடு இழைகிறது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுபவரின் குரல் மாதிரி இருக்கும். 1954-இல் வெற்றி பெற்ற, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் அப்படித்தான் மிதித்தார். கேட்ட ஸ்டீல் கலைஞர்களுக்கெல்லாம் தங்கள் கிடாருக்கும் பெடல் கட்டியாக வேண்டும் என்றாகிவிட்டது.

வலது கால் அப்போது சும்மா இருக்காது, வால்யூம் பெடலில் இருக்கும். இரண்டு முழங்காலும் பக்கத்துக்கொரு லீவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். கார் ஓட்டிக்கொண்டே வீணை வாசிப்பது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இப்படிப்பட்ட ஒன்றை எந்தக் காலத்திலும் தெருவுக்கு நாலு பேர் வாசித்ததில்லை. ஆள் குறைவு என்பதை வைத்து ஆயுளைக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அது இப்போது எங்கே இருக்கிறது? ஹவுஸ் ஆஃப் காட் என்ற கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையில் ஸ்டீல் கிடார் 1930களிலேயே ஆராதனைக்குள் வந்துவிட்டது. அங்கே அது அழாது. சபையையே எழுந்து ஆட வைக்கும். அந்தச் சபையில் வளர்ந்த ராபர்ட் ராண்டால்ஃப்தான், 2024-இல் வெளிவந்த பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தில் ஸ்டீல் வாசித்தவர். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கிய அதை, மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்களும் கேட்டிருப்பார்கள், என்ன வாத்தியம் என்று தெரியாமலே. நைஜீரியாவில் கிங் சன்னி அடே என்ற பாடகர், பேசும் மேளங்களுக்கு நடுவே பெடல் ஸ்டீலை உட்கார வைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

எனக்குப் பிடித்தவர் சூசன் ஆல்கார்ன். டெக்சாஸ் பார்களில் கன்ட்ரி பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர், அதே வாத்தியத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானையும் அர்ஜென்டினாவின் டாங்கோ மேதை பியாஸோலாவையும் தேடிப் போனார். தன் ஆல்பம் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர், 'பெடல் ஸ்டீல் கிடாரின் உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கிறேன்'. மெஸ்ஸியானின் ஒரு படைப்பின் தலைப்பை வைத்துச் செய்த குறும்பு அது. 2025 ஜனவரியில் அவர் காலமானார். இழப்புதான். ஆனால் ரேடியோவை நம்பி அவர் வாசிக்கவில்லை.

கவலைப்பட்டே தீருவேன் என்றால் பட்டறைகளை நினைத்துக் கவலைப்படுங்கள். பட்டி எம்மன்ஸும் ஷாட் ஜாக்சனும் 1950களில் தொடங்கிய ஷோ-பட் போன்ற பெரிய பெயர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டன. இப்போது செய்பவை பெரும்பாலும் சிறு பட்டறைகள்; ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால் சைக்கிள் கடை மாதிரி இருக்கும்: கம்பி, நெம்புகோல், ஸ்பிரிங், திருகு. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் ஊருக்கு ஊர் கிடையாது. மாப்பிள்ளை டெக்சாஸில் இருப்பது அதிர்ஷ்டம், அங்கே தேடினால் கிடைப்பார்கள்.

ஒன்று சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் இரட்டைக் கழுத்து மாடலை, அதாவது ஒரே மேஜையில் இரண்டு கம்பி வரிசை உள்ளதை, வாங்க வேண்டாம். பெட்டியோடு முப்பது கிலோவைத் தாண்டும், தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால் அதற்கும் நமக்குத்தான் கடிதம் எழுதுவீர்கள். மூன்று பெடலும் நாலு லீவரும் உள்ள ஒற்றைக் கழுத்து, செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் போதும். உருளை சரியான இடத்தில் நிற்கப் பழகும்வரை சுருதி அங்கே இங்கே அலையும். அதுவரை உங்கள் மகளுக்கு போன் செய்யும்போது, பின்னால் யாரோ அழுகிறார்களே என்று பதறாதீர்கள்.